ப்ளக் அண்ட் ப்ளே ஹெட்லைட்: லாரி விளக்கை வீட்டிலேயே சரி செய்யலாம், சட்டத்தை மீறாமல்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே, அதில் எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கும் வந்துவிடும். ராம் கூட்டலாமா, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாமா என்று இன்டர்நெட்டில் தேடத் தொடங்குவோம். இந்த ஆசை கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. வாசலில் நிற்கும் வண்டியின் பக்கமும் கண் போகும். எனக்கு அப்படித்தான் போனது.

ஹெட்லைட்டிற்கும் கம்ப்யூட்டர் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நான் செய்த தவறுக்குக் கம்ப்யூட்டர்தான் வழி காட்டியது. அந்தத் தவறைத் திருத்தவும் அதே கம்ப்யூட்டர்தான் உதவியது. இரண்டையும் இங்கே சொல்கிறேன்.

நான் ஒரு சாப்ட்வேர் எஞ்சினியர். பி.இ. முடித்தவன். ஊர், ஒட்டன்சத்திரத்தின் பக்கம். அப்பாவிடம் நான்கு சக்கர மினி லாரி ஒன்று உள்ளது. இரவில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக் கொண்டு மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டிற்குப் போய், காலையில் காலி வண்டியோடு திரும்புவார். சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "லைட்டு சரியாவே தெரிய மாட்டேங்குது தம்பி, வயசாச்சோ என்னவோ" என்றார். வயது அவருக்கா வண்டிக்கா என்று அவர் சொல்லவில்லை.

நான் உடனே லேப்டாப்பைத் திறந்தேன். ஆன்லைன் கடையில் தீபாவளி தள்ளுபடி. எல்.இ.டி. ஹெட்லைட் பல்ப், ஜோடி 2,800 ரூபாய். 20,000 லூமென், ப்ளக் அண்ட் ப்ளே, எல்லா எச்4 ஹோல்டரிலும் பொருந்தும் என்று போட்டிருந்தது. ஆர்டர் செய்தேன். வந்ததும் நானே மாட்டினேன். பத்து நிமிட வேலைதான். காலி வண்டியை வீட்டுச் சுவருக்கு முன் நிறுத்தி லைட்டைப் போட்டேன். சுவரே வெள்ளையாகி விட்டது. அப்பாவிற்கும் சந்தோஷம்.

ஐந்தாவது நாள் அதிகாலை 4 மணிக்கு, லோடு வண்டியோடு போய்க் கொண்டிருந்த அப்பாவின் எதிரே, பால் கேன்களோடு மொபெட்டில் வந்த ஒருவர் சாலையை விட்டு இறங்கிக் கருவேல முள்ளுக்குள் விழுந்தார். வண்டிகள் மோதவில்லை. ஆனால் அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அப்பாதான் தூக்கி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். மறுநாள் நான் பார்க்கப் போனபோது அவர் கோபப்படவே இல்லை. "லைட்டைப் பாத்தேன் தம்பி. அப்புறம் ரோட்டைப் பாக்க முடியலைங்க" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் அப்பா, "அதைக் கழட்டிடு" என்றார்.

கழற்றினேன். அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஹெட்லைட் எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன்.

எச்4 பல்பிற்குள் என்ன இருக்கிறது?

நம் ஊர் மினி லாரிகளில் அதிகம் பார்க்கக் கூடியது எச்4 ஹாலஜன் பல்ப். 12 வோல்ட் வண்டிகளில் இது 60/55 வாட். அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. பெரிய லாரிகளின் 24 வோல்ட் பல்ப் 75/70 வாட். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது.

இந்த பல்பில் இரண்டு பிலமென்ட்டுகள் உள்ளன. டிம்மிற்கான பிலமென்ட்டின் கீழே, சின்னக் கிண்ணம் போல ஒரு உலோகத் தகடு இருக்கும். இந்தத் தகடு, பிலமென்ட்டின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்குப் போகாமல் தடுக்கிறது. மேல் பாதியில் மட்டும் படும் ஒளி, சாலையை நோக்கிக் கீழே திருப்பப்படுகிறது. அதனால்தான் டிம்மில் போட்டுச் சுவரில் பார்த்தால், மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று நடுவில் கோடு போட்டது போல் தெரிகிறது. இதற்கு கட்-ஆஃப் என்று பெயர். கோட்டிற்கு மேலே எதிரே வருபவரின் கண். கீழே நம் சாலை.

இன்னொரு விஷயம். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். எனவே நம் நாட்டு ஹெட்லைட்டில் அந்தக் கோடு இடது பக்கம் மட்டும் மேலே ஏறும். இடது ஓரத்தில் நடந்து போகிறவரும், கி.மீ. கல்லும் அதில் தெரியும். வலது பக்கம், அதாவது எதிர் வண்டி வரும் பக்கம், தாழ்ந்தே இருக்கும். வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த ஹெட்லைட்டில் இது தலைகீழ். ஆன்லைனில் அழகாக இருக்கிறதே என்று அப்படிப்பட்ட ஒரு டூமை வாங்கிப் போட்டால், ஏறும் கோடு நேராக எதிரே வருபவரின் கண்ணுக்குள் போகும்.

இனி நான் வாங்கிய எல்.இ.டி.க்கு வருவோம். பிலமென்ட் என்பது மெல்லிய கம்பிச் சுருள். ரிஃப்ளெக்டரின் வளைவு அந்தச் சுருளின் அளவிற்கும், அது இருக்கும் இடத்திற்கும் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. எல்.இ.டி. பல்பிலோ, தட்டையான ஒரு பட்டையின் இரு பக்கங்களிலும் சிப்புகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒளி கிளம்பும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும், ரிஃப்ளெக்டர் அதனை எங்கெங்கோ வீசி விடும். என் சுவர் முழுவதும் வெள்ளையானதற்குக் காரணம் இதுதான். சந்தோஷப்பட வேண்டிய காட்சி அல்ல அது. கோடே இல்லை என்பதற்கான அடையாளம். எச்.ஐ.டி. கிட் என்று விற்கப்படும் செனான் பல்பிற்கும் இதே கதைதான்.

20,000 லூமென் என்ற கணக்கையும் பார்ப்போம். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் 1,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சடித்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதைப் போன்ற எண்தான் இது. ஹெட்லைட்டுகளுக்கான சர்வதேச விதிமுறையின்படி, 12 வோல்ட் எச்4 பல்ப் 13.2 வோல்ட்டில் தர வேண்டிய ஒளி, பிரைட்டில் சுமார் 1,650 லூமென். டிம்மில் சுமார் 1,000 லூமென். சரியான இடத்தில் விழுந்தால் டிம்முக்கு 1,000 லூமென்னே போதும் என்றுதான் ஹெட்லைட்டை வடிவமைக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் ப்ளக் அண்ட் ப்ளே என்றால், செருகியவுடன் விண்டோஸ் அதற்கான டிரைவரைத் தேடி எடுத்துக் கொள்ளும். லாரியில் செருகியவுடன், அந்த வெளிச்சத்தைச் சமாளிக்க வேண்டியவர் எதிரே வரும் டிரைவர். அவரிடம் நாம் கேட்பதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988 முழுவதும் இந்தியா கோட் என்னும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் பி.டி.எப். ஆக உள்ளது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்று பயப்பட வேண்டாம். பைலைத் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் வரும். அதில் விளக்கு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை டைப் செய்து என்டர் தட்டினால், ஒவ்வொரு இடமாகக் காட்டும். நான் குறித்துக் கொண்டவை இவை:

விதி 105: சூரியன் மறைந்த அரை மணி நேரத்திற்குப் பின்பிருந்து, சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரத்திற்கு முன்பு வரை விளக்குகள் எரிய வேண்டும். மற்ற நேரங்களிலும் வெளிச்சம் போதாவிட்டால் போட வேண்டும். முன்னால் 155 மீட்டர் தூரத்தில் உள்ள ஆட்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது இதில் சொல்லப்படும் அளவு. எனவே மங்கிய விளக்கோடு ஓடுவதும் தவறுதான்.

விதி 106: கண் கூசுவது பற்றிய விதி. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அது கூசாதபடி ஒளி கீழே திருப்பப்பட்டிருக்க வேண்டும். அல்லது தேவையானபோது அப்படித் திருப்பும் வசதி டிரைவரிடம் இருக்க வேண்டும். நாம் டிம் அடிப்பது இதற்காகத்தான்.

விதி 111: பதிவு செய்யும் அதிகாரியின் சிறப்பு அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக் கூடாது. கேபின் மேல் வரிசையாகப் பூட்டும் பார் லைட்டுகளை வாங்கும் முன் இதனைப் படித்து விடுங்கள். முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டுவதும் கூடாது. அது விதி 108.

சட்டப் பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. பல்ப் ஆர்.சி. புத்தகத்தில் இல்லையே என்று தப்பிக்கவும் முடியாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), விதிகள் அனுமதிக்காத எந்த மாற்றத்தையும், பிற்பாடு பொருத்தும் பாகங்களையும் சேர்த்தே பேசுகிறது. தண்டனை, வண்டியின் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

கவனியுங்கள். தண்டனை உரிமையாளருக்கு. பல்பை மாட்டியது நான். வண்டி அப்பாவின் பெயரில் இருக்கிறது.

ஹெட்லைட்டிற்கு அனுமதி தரும்போது, அதற்குரிய பல்போடு சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். எச்4 ஹாலஜன் பல்போடு அனுமதி பெற்ற விளக்கில் வேறு வகை ஒளியைப் போட்டால் அந்த அனுமதி அதற்குப் பொருந்தாது. ஜெர்மனியில் 2020-ஆம் ஆண்டு முதல் சில எல்.இ.டி. மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி தரப்பட்டுள்ளது. அங்கேயும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டும்தான். ஹோல்டரில் பொருந்தினால் போதும் என்று எந்த இடத்திலும் விட்டுவிடவில்லை.

எப்.சி.க்குப் போகும் அன்று பழைய பல்பை மாட்டிவிட்டு, வந்த பிறகு மீண்டும் கழற்றுபவர்கள் உண்டு. எப்.சி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பால்காரர்கள் தினமும் வருவார்கள்.

மாற்றுவதற்கு முன், பழுதைப் பாருங்கள்

பழைய ஹாலஜன் பல்பை மாட்டியதும் அப்பாவின் பழைய பிரச்னை திரும்ப வந்துவிட்டது. வெளிச்சம் போதவில்லை. இங்குதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. வண்டி புதிதாக வந்தபோது அப்பா இப்படிச் சொன்னதில்லையே? அப்படியானால் அன்றிருந்த வெளிச்சம் எங்கே போனது?

கம்ப்யூட்டர் ஸ்லோவானால் உடனே புதிய ப்ராசஸர் வாங்குவதில்லை. தேவையற்ற பைல்களை நீக்கி, தூசியைத் தட்டிப் பார்க்கிறோம். அதே போல் வரிசையாகப் பார்த்தேன். பழுதை நீக்குவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. வண்டி தயாரானபோது இருந்த நிலைக்குத்தான் அதனைத் திருப்புகிறோம்.

முதலாவது, கண்ணாடி: பிளாஸ்டிக் லென்ஸ் வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. 1,000, பின்னர் 2,000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் பேஸ்ட் போட்டுத் துடைத்தேன். இத்துடன் விட்டுவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும். ஆகவே வெயில் தாங்கும் யு.வி. கோட்டிங் அடிக்க வேண்டும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் பாலிஷ் உதவாது. அதே மாடலுக்குரிய ஒரிஜினல் ஹெட்லைட்டை வாங்கி மாற்றுவதே வழி.

இரண்டாவது, பல்ப்: ஹாலஜன் பல்ப் ஓட ஓட மங்கும். புதிதாக வாங்கும்போது 60/55 என்ற வாட்ஸ் அளவையும், அனுமதி முத்திரையையும் பாருங்கள். வட்டத்திற்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருப்பது சர்வதேச முத்திரை. 100/90 வாட் பல்புகளும் கடையில் கிடைக்கும். அவை வேண்டாம். கண் கூசுவதோடு, 55 வாட்டிற்குப் போட்ட வயரும் ஹோல்டரும் சூட்டில் உருகும். மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

மூன்றாவது, வோல்டேஜ்: இதுதான் எங்கள் வண்டியின் பெரிய பழுது. சில நூறு ரூபாயில் கிடைக்கும் மல்டிமீட்டர் இருந்தால் போதும். எஞ்சினை ஓடவிட்டு, டிம் லைட்டை எரியவிட்டு அளக்க வேண்டும். பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட் இருந்தது. இடது பல்பின் ஹோல்டரில் 11.6 வோல்ட்தான் வந்தது. 2.5 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது!

இதனால் எவ்வளவு வெளிச்சம் குறையும்? ஹாலஜன் பல்பின் ஒளி, வோல்டேஜ் விகிதத்தின் ஏறக்குறைய 3.4 மடங்குப் படியாக மாறும். பயப்பட வேண்டாம், கணக்கைக் கம்ப்யூட்டரே போடும். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறங்கள். பி1 செல்லில் 13.2 என்றும், பி2 செல்லில் நீங்கள் அளந்த வோல்டேஜையும் டைப் செய்யுங்கள். பி3 செல்லில் இந்த பார்முலாவைக் கொடுங்கள் (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்):

=(பி2/பி1)^3.4

11.6 வோல்ட்டிற்கு 0.64 என்று விடை வரும். அதாவது வர வேண்டிய வெளிச்சத்தில் 64% மட்டுமே. வோல்டேஜ் குறைந்தது ஏறக்குறைய 12%. வெளிச்சம் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல்.

காணாமல் போன 2.5 வோல்ட்டைத் தேடுவது எளிது. விளக்கு எரியும்போதே மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகடிவிலும், சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் முனையிலும் வைத்தேன். இங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 1.4 வோல்ட் காட்டியது. எர்த் வயரைப் பாடியில் பூட்டிய போல்ட்டைச் சுற்றித் துரு! பேட்டரி நெகடிவைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதிய லக் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். கருகிப் போயிருந்த ஹோல்டரை எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதே அளவில் புதிதாகப் போட்டுத் தந்தார். மீண்டும் அளந்தால் 13.1 வோல்ட். பார்முலாவில் போட்டால் 97%. பழைய 64 எங்கே, இந்த 97 எங்கே! ஒரு போல்ட்டும் ஒரு ஹோல்டரும் ஒன்றரை மடங்கு வெளிச்சத்தைத் திருப்பித் தந்தன.

லோடு ஏறினால் லைட்டும் ஏறும்

கார் வைத்திருப்பவர்களை விட லாரி வைத்திருப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இது. நான் எல்.இ.டி.யைச் சோதித்தது காலி வண்டியில். அப்பா இரவில் ஓட்டுவது லோடு வண்டி. லோடு ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழும். முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட்டும் கூடவே பார்க்கும்.

எவ்வளவு? எங்கள் வண்டியின் முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே 210 செ.மீ. லோடு ஏற்றியபோது பின்பக்கம், முன்பக்கத்தை விட 4 செ.மீ. அதிகமாகத் தாழ்ந்தது. 4-ஐ 210-ஆல் வகுத்தால் 1.9%. ஹெட்லைட் 1% கீழ்நோக்கி வைக்கப்பட்டிருந்தால், லோடுக்குப் பிறகு அது 0.9% மேல்நோக்கி இருக்கும்.

ஒரு சதவீதம் என்பது ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. எனவே பார்முலா மிகவும் எளிது. பி1-ல் விளக்கின் உயரம் செ.மீ. கணக்கில், பி2-ல் சாய்வு (கீழ்நோக்கி என்றால் மைனஸ்), பி3-ல் தூரம் மீட்டர் கணக்கில். பி4-ல்:

=பி1+பி2*பி3

எங்கள் விளக்கின் மையம் 74 செ.மீ. உயரத்தில் உள்ளது. காலி வண்டியில் சாய்வு மைனஸ் 1. கோடு 10 மீட்டரில் 64 செ.மீ. உயரத்திலும், 50 மீட்டரில் 24 செ.மீ. உயரத்திலும் இருக்கும். 74 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். யாருக்கும் தொந்தரவில்லை. லோடு வண்டியில் சாய்வு பிளஸ் 0.9. கோடு 10 மீட்டரில் 83, 50 மீட்டரில் 119, 75 மீட்டரில் 141.5 செ.மீ. காரில் இருப்பவரின் கண் சுமார் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். மொபெட்டில் வருபவரின் கண் சுமார் 140. அதாவது தூரத்திலிருந்து 75 மீட்டர் நெருங்கும் வரை, டிம் அடித்திருந்தாலும் அவர் கண் வெளிச்சத்திற்குள்தான். இது கோடு உள்ள ஹாலஜனின் கணக்கு. கோடே இல்லாத என் எல்.இ.டி.யோடு அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கொண்டே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குத் தீர்வு பல வண்டிகளிலேயே இருக்கிறது. டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண்கள் போட்ட சின்னக் குமிழ் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். லோடுக்குத் தகுந்தபடி ஹெட்லைட்டைக் கீழே இறக்கும் குமிழ் அது. அப்பா அதைத் தொட்டதே இல்லை. என்னவென்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. திருகிப் பார்த்தபோது வலது விளக்கு மட்டும் அசைந்தது. இடது பக்கம் உள்ளே கனெக்டர் கழன்று கிடந்தது. செருகினேன், வேலை செய்தது. உங்கள் வண்டியில் இந்த வசதி இல்லாவிட்டால், வழக்கமாக ஏற்றும் லோடோடு வைத்து லைட்டை அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

சுவரில் சரி பார்ப்பது எப்படி?

1. டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். சமதளத்தில், சுவரிலிருந்து விளக்கு வரை சரியாக 5 மீட்டர் தூரத்தில் வண்டியை நேராக நிறுத்துங்கள். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும்.

2. தரையிலிருந்து விளக்கின் மையம் வரை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

3. ஹெட்லைட்டின் அருகே அல்லது மேனுவலில் சாய்வு சதவீதம் குறிக்கப்பட்டிருக்கும். எங்கள் வண்டிக்கு 1%. ஐந்து மீட்டருக்கு 5 செ.மீ. எனவே முதல் கோட்டிற்கு 5 செ.மீ. கீழே இரண்டாவது கோடு.

4. டிம் லைட்டைப் போடுங்கள். ஒரு விளக்கைத் துணியால் மறைத்து விட்டு (உடனே எடுத்துவிட வேண்டும், பிளாஸ்டிக் சூடாகும்) மற்றதன் கட்-ஆஃப், இரண்டாவது கோட்டில் வரும்படி பின்னால் உள்ள ஸ்க்ரூவைத் திருப்புங்கள். குமிழ் 0-வில் இருக்கட்டும்.

5. லோடு ஏற்றிய பிறகு இதே சோதனையைச் செய்து, எந்த எண்ணில் குமிழை வைத்தால் கோடு பழைய இடத்திற்கு வருகிறது என்று பாருங்கள். அப்பாவின் லோடுக்கு 3. ஸ்டிக்கரில் எழுதிக் குமிழின் அருகே ஒட்டி விட்டேன்.

6. கடைசியாக விதி 106 சொல்லும் இடத்தில் நீங்களே நின்று பாருங்கள். 8 மீட்டர் முன்னால், வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, கண் 1.5 மீட்டர் உயரத்தில். நம் கண்ணே கூசினால் பிறர் கண்ணும் கூசும்.

முன்பும் பின்பும் ஒப்பிட செல்போனில் போட்டோ எடுப்பதானால், கேமராவின் எக்ஸ்போஷரை லாக் செய்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மங்கிய லைட்டையும் கேமரா பிரகாசமாகக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் குறைக்கும். கோட்டை அதற்குரிய இடத்திற்குக் கொண்டு வராது.

இத்தனைக்கும் ஆன செலவு, இரண்டு பல்ப், ஒரு ஹோல்டர், உப்புத்தாள், பாலிஷ், கோட்டிங், மல்டிமீட்டர் எல்லாம் சேர்த்தும் அந்த எல்.இ.டி. ஜோடியின் விலைக்குள்தான் வந்தது. அந்த எல்.இ.டி.யை நான் யாருக்கும் விற்கவில்லை. விற்றால் அது இன்னொரு சாலைக்குப் போகும்.

பால்காரர் கை குணமாகி மறுபடி மொபெட்டில் வரத் தொடங்கிவிட்டார். மருத்துவச் செலவை அப்பாதான் கொடுத்தார். லைட்டைச் சரி செய்த பிறகு வந்த முதல் இரவு, மதுரை போய்ச் சேர்ந்ததும் அப்பா எனக்குப் போன் செய்தார். "ரோட்டு ஓரத்துல கல்லு வரைக்கும் தெரியுது தம்பி. எதிர்ல வந்தவன் ஒருத்தனும் பளிச் பளிச்சுன்னு லைட்டு அடிச்சுத் திட்டல" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, இருட்டியதும் உங்கள் வண்டியையும் ஒரு சுவருக்கு முன் நிறுத்துங்கள். ஒரு டேப், ஒரு சாக்பீஸ், ஒரு மல்டிமீட்டர் போதும். ஆன்லைன் கடையைத் திறப்பதற்கு முன்பு எக்ஸெல்லைத் திறங்கள்.